அமாவாசையன்று திறக்க வேண்டிய கால்வாய்

மாசி, செவ்வாய். விடியலில் பனி. பத்து மணிக்கே வெயில் ஏறிவிட்டது.

கால்வாய்க் கரைக்கு வந்தவர்கள்: நான், லட்சுமி அக்கா, அங்கன்வாடி சுனிதா, அவள் மாமியார் (குடை பிடிக்க மட்டும்). ஆண்கள்: ஒருவரும் இல்லை. நாய்: ஒன்று.

தையில் நாங்கள் நட்ட கண்டல் செடிகள் மஞ்சளாகின்றன. கீழ் வரிசை முழுக்க வெறும் குச்சி. புயல் தள்ளிய மணலும் உடைந்த படகுப் பலகைகளும் கால்வாய் முகத்தை அடைத்துக் கிடக்கின்றன. ஏரித் தண்ணீர் உள்ளே வர வழியில்லை. தேங்கியது வற்றி ஓரமெல்லாம் உப்பு. பழைய கண்டல் காட்டை வெட்டாமல் விட்டிருந்தால் புயலன்று எங்கள் தெருவுக்குள் தண்ணீர் இப்படி ஏறியிருக்காது. அதற்காகத்தான் இத்தனையும்.

ல. அக்கா: "நட்டன்னிக்கு போட்டோ புடிச்சிக்கினு போனாங்களே, இப்ப வந்து புடிக்கச் சொல்லு."

புதன். சச்சிவாலயம், அதாவது ஊர் சர்க்கார் ஆபீஸ். ஜேசிபி கேட்டு மூன்றாவது நடை. ஃபைல் திருப்பதி ஜில்லா ஆபீசுக்குப் போயிருக்கிறதாம். "ரேப்பு ரா அம்மா." தெலுங்கில், நாளைக்கு வா என்று. எத்தனை நாளைக்கு இந்த நாளைக்கு?

சூலூர்ப்பேட்டை பஸ்ஸும் போய்விட்டது. உளுந்து ஊறப்போட மறந்தேன்.

முடிவு: மண்வெட்டியோடு நாங்களே. அமாவாசை காலையில். அன்று கடல் ஓதத்தில் ஏறி வடியும் தண்ணீர் வெட்டிய மண்ணைத் தானே இழுத்துக்கொண்டு போகும்.

வியாழன். புது வில்லங்கம். இந்த அமாவாசைக்குக் கால்வாய் முகத்தில் வலை கட்டும் முறை அக்கரை ஊருக்கு. பாடு என்பது இதைத்தான். பாடு உள்ளவர்களைத் தவிர யாரும் அங்கே தண்ணீரைக் கலக்கக் கூடாது, இறால் ஓடிவிடும். நியாயம்தான். எங்கள் வீட்டுச் சோறும் அந்தக் கட்டுப்பாட்டில் வருவதுதான். ஆனால் அடுத்த பௌர்ணமி வரை செடி தாங்காது.

சாயங்காலம் இரண்டு ஊர் ஆண்களின் கூட்டம். பெண்கள் போகும் வழக்கமில்லை. அந்த ஒரு நாளைக் கேட்கும்படி வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பினேன்.

"கேட்டீங்களா?"

"டீ வந்துச்சு. வேற பேச்சு பேசிக்கினு இருந்தாங்க. நடுவுல பூந்து எப்டி கேக்கறது?"

"டீய மட்டும் நடுவுல பூந்து வாங்கத் தெரிஞ்சுதா?"

படுத்துவிட்டார்.

வெள்ளி. விளக்கேற்றினேன். கங்கம்மாவிடம் கோபமாகப் பேசிவிட்டேன். அவளும் ஒரு பெண்தானே, புரியும். கற்பூரம் தீர்ந்தது.

அவர் தனியாகக் கரைக்குப் போயிருக்கிறார். முழங்கால் வரை சேறு. காய்ந்த செடி ஒன்றைப் பிடுங்கி வந்து வாசல் கோலத்தின் பக்கத்தில் வைத்தார். சோறு தின்னும்போது சொன்னார்:

"பௌர்ணமிக்கு எனக்குப் பாடு உழுந்திருக்குதே. அத அக்கரைக்காரங்க எடுத்துக்கட்டும். அமாவாசைய நமக்கு உடட்டும். நம்ம ஊர்ல நான் பேசிக்கறேன்."

புயலில் போன கூரைக்கு அந்தப் பாட்டைத்தான் நம்பியிருந்தோம். சொல்ல வாயெடுத்தேன். ரசம் ஊற்றினேன்.

"இத கூட்டத்துலயே சொல்றதுதானே?"

"நீயே செல்விகிட்ட சொல்லு. கூட்டத்துல டீ குடுப்பாங்க."

செல்வி அவர் தங்கை. அக்கரையில் கொடுத்திருக்கிறது. இந்த வருஷம் அவள் வீட்டுக்காரர்தான் அங்கே தலைவர்.

சனி. மூடுபனி. செல்விக்குப் போனில் பேசி அனுப்பியது:

"செல்வி, அண்ணி பேசறேன். உங்க அண்ணன் பௌர்ணமிப் பாட்ட உங்க ஊருக்கு உட்டுத் தராரு. திங்கக்கெழம அமாவாச ஒரு நாள் கால்வாய் முகத்துல வல கட்டாம இருங்க, நாங்க மண்ண வெட்டிக்கறோம். உங்க வூட்டுக்காரர கேட்டு ஆவும், ஆவாதுன்னு நாளைக்குள்ள சொல்லும்மா."