குடையா, பெட்டியா?

பெர்கன், வியாழக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தணிந்ததா? இங்கே ஓயாத மழை, நான் நலம்.

போன மாதம் அனுப்பிய என் படத்தைப் பார்த்து, "யாரு இந்தப் பொம்பள?" என்று கேட்டீர்களாம். தங்கை லீன் சொன்னாள். குற்றம் உங்கள் ஞாபகத்தில் இல்லை, விளக்கில்தான்.

நேற்று வேலை முடிந்ததும் மறுபடி படம் எடுக்க உட்கார்ந்தேன். ஸ்டுடியோ முதலாளி ராக்ன்ஹில்ட் போன முறை போலவே விளக்குக்கு முன்னால் வெள்ளைக் குடையை விரித்தாள்.

"பத்து வயசு குறைச்சுத் தரேன், வேணாமா உங்களுக்கு?"

"என் புருஷனப் புதைச்சது அந்தப் பத்து வருஷத்துலதான். எதையும் குறைக்காதே. சாஃப்ட்பாக்ஸக் கொண்டா."

"சுருக்கமெல்லாம் தெரியுமே!"

"தெரியட்டும். எங்கம்மாவுக்கு என்னைத் தெரியணும்."

குடை வெளிச்சத்தை முகமெங்கும் இறைத்துவிடும். துணி போர்த்திய விளக்குப் பெட்டியான இந்த சாஃப்ட்பாக்ஸோ ஒரு பக்கமிருந்து ஜன்னல்போல் ஒளி தந்தது. கன்னத்தில் நிழல் படிந்து படத்தில் என் முகத்திலேயே அப்பாவின் மூக்கு எழுந்தது. அந்த ஒளியில் கண்ணை மூடினால் நம் சமையலறை ஜன்னலோரம் நீங்கள் எனக்குப் பின்னல் போடுவதுபோல் இருந்தது. கண் திறக்கவே மனமில்லை.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள்; இங்குள்ளவை குத்துகின்றன. இத்துடன் வைத்திருக்கும் புதுப் படத்தைக் காட்டும்போது லீன் என் பெயரைச் சொல்லக் கூடாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதனால் பெயரெழுதாமல் முடிக்கிறேன். தபால் நேரமாகிவிட்டது.

உங்கள் மூத்த மகள்