மரணபரியந்தம் என்று வந்த அட்டை

ஜனவரி 1
ஆராதனை முடிந்து ஆயர் தட்டை நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு புது வருஷத்து வாக்குத்தத்த வசன அட்டை எடுத்தால் — ‘மரணபரியந்தம் உண்மையாயிரு’. அப்படி இருந்தால் ஆண்டவர் ஜீவகிரீடம் தருவாராம். மற்றவர்களுக்கெல்லாம் ஆசீர்வாதம், எனக்கு மட்டும் சாவா? புருஷனைப் பட்டாசு கம்பெனிக்கு அனுப்பிவிட்டு இதை எந்தச் சுவரில் மாட்டுவது? அவர் சபைக்கு வருகிறவர் இல்லை. ஆனாலும் வாங்கிப் படித்தார். “ஒங்க சாமி நல்லாத்தான் வாழ்த்துது” என்று சிரித்தார். பீரோவுக்குள் போட்டுவிட்டேன்.

மார்ச் 9
கம்பெனியில் மருந்து தீப்பிடித்து அவருக்கு வலது கை வெந்துவிட்டது. உயிர் இருக்கிறது. உயிர் இருக்கிறது.

ஜூன் 2
புண் ஆறிவிட்டது. விரல்கள்தான் விறைத்து நிற்கின்றன. தினமும் மடக்கி நீட்டாவிட்டால் இப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தட்டில் புளியமுத்தைப் போட்டுப் பொறுக்கச் சொன்னேன். ஒன்றுகூட வரவில்லை. “போடீ, நீயும் ஒன் புளியமுத்தும்!” — தட்டையே தள்ளிவிட்டார். வீடெல்லாம் முத்து. பொறுக்கினது நான்தான்.

ஜூலை 20
“விதிச்சது அம்புட்டுத்தான், விடு தாயீ. எம் மகன் உசுரோட இருக்கான்ல” என்கிறார் அத்தை. விடுவதா? நான் பிடித்த முயலுக்கு மூணு கால்தான். எண்ணெய் தடவி மடக்குகிறேன், அவர் கத்துகிறார், நானும் கத்துகிறேன்.
ஆண்டவரே, கிரீடம் அங்கேயே இருக்கட்டும். அந்தக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் மட்டும் சேர்த்து வையும். கேக்குதா?

செப்டம்பர் 14
இன்று ஜெபிக்கவில்லை. கோபம். விரலை மட்டும் மடக்கிவிட்டேன்.

அக்டோபர் 26
காலண்டர் சீசன், நான் வேலைக்குப் போகிற பைண்டிங் ஆபீஸில் ஓயாத வேலை. இன்று கரண்ட் போனதால் சீக்கிரம் வந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அவர் தனியாகத் தட்டும் முத்துமாக உட்கார்ந்திருந்தார். எடுக்கிறார், விழுகிறது, திட்டுகிறார், மறுபடி எடுக்கிறார். ஒரு முத்து டம்ளருக்குள் விழுந்த சத்தம் கேட்டது.
“எப்ப இருந்து செய்றீக?”
“நீ வேலைக்குப் போனதும் தெனமும்தான். ஒம் முன்னால தவறுனா ஒம் மூஞ்சி வாடிப்போகுது, பாக்க முடியல.”
வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். இத்தனை நாளும் நான் ஒருத்திதான் பிடிவாதம் பிடிக்கிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன்!

ஜனவரி 1
“தட்டுல இருந்து ஒரு அட்டை எடுக்கணும், அம்புட்டுத்தானே?” என்று அவரே சபைக்குக் கிளம்பிவிட்டார். வலது கையால் எடுத்தார். இரண்டு அட்டை ஒட்டிக்கொண்டு வந்தன.
“ஒண்ணுதான் எடுக்கணும் தம்பி” என்றார் ஆயர்.
“ஒண்ணு எடுக்கத்தான்யா பாத்தேன். வெரலுக்கு ஆசை கூடிப்போச்சு.”
சபையே சிரித்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.
வீட்டுக்கு வந்ததும் போன வருஷத்து அட்டையை எடுக்கச் சொல்லி, அவரே ஆணியில் மாட்டினார். மற்ற மூன்று விரலும் இன்னும் கட்டையாகத்தான் நிற்கின்றன.
“சாகுற வரைக்கும்னுதான போட்டிருக்கு? இன்னும் எம்புட்டோ நாள் கெடக்கு. எண்ணெய எடுத்துட்டு வா” என்று கையை நீட்டினார்.