என் கார்டில் உங்கள் அண்ணன் விரல்

காரைக்கால்
மாசி மாதம், 2009

அன்பும் மரியாதையும் உள்ள அத்தானுக்கு அஞ்சுகம் எழுதிக்கொள்வது. நானும் தீபாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். பஹ்ரைனில் குளிர் அதிகம் என்று சொன்னீர்கள். படகில் போகும்போது காதை மூடிக்கொண்டு போங்கள்.

தீபா கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். கூரையில் ஒழுகின இடத்துக்கு ஆள் வைத்துச் சரி செய்தாகிவிட்டது. இதெல்லாம் போனில் சொல்கிற சேதிதான். ஆனால் போன் உங்கள் அண்ணன் வீட்டில் இருக்கிறது. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவேன்? இப்போது அந்த வீட்டு வாசலையும் நான் மிதிப்பதில்லை. இந்தக் கடிதம் வருவதற்குள் அவர் உங்களுக்குப் பேசியிருப்பார். பேசட்டும். என் பக்கத்தையும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

கார்த்திகையில் வங்கிக்காரர்கள் சமுதாயக் கூடத்துக்கு வந்தார்கள் அல்லவா? சிறுதொழில் செய்கிற பெண்களுக்கு மானியக் கடன், பணம் இனி யார் கையிலும் வராது, கார்டில்தான் ஏறும், இடையில் ஒருவரும் தொட முடியாது என்று மைக்கில் சொன்னார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? திருமலைராயன்பட்டினத்து ஆஸியா பீவி என் நெத்திலிக் கருவாட்டுக்குக் காரைக்கால் டவுனில் ஒரு பெரிய கடையைப் பிடித்து வைத்திருந்தார். மண் படாமல் பாக்கெட் போட்டுக் கொடுத்தால் வருஷம் முழுக்க எடுத்துக்கொள்வார்களாம். அதற்கு மீனை உயரத்தில் காயவைக்க வலை கட்டின பரண் வேண்டும், பாக்கெட் ஒட்டுகிற மெஷின் வேண்டும். அந்தக் கடன் அதற்குத்தான்.

வங்கிக்காக ஊரிலேயே பணம் கொடுக்கிற நாகராஜ் என்கிற பையன், கார்டுக்கு ரேகை பதிய, பஸ் கண்டக்டர் வைத்திருப்பது போல ஒரு சின்ன மெஷினை நீட்டினான். என் விரலை வைத்தால் சிவப்பு விளக்குதான் எரிகிறது. சோப்புப் போட்டுக் கழுவினேன், துணியில் தேய்த்தேன், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தேன். "அக்கா, ஒங்களுக்கு ரேகையே இல்லக்கா" என்று சிரித்தான். உப்பிலும் ஐஸிலும் மீன் செதிளிலும் கிடக்கிற கையில் ரேகை எங்கே இருக்கும்? கையெழுத்துப் போடுகிறேன் தம்பி என்றேன். மெஷினில் அதற்கு இடமில்லை என்றான். எட்டாம் வகுப்பு வரை படித்தவள் நான். கைநாட்டு வைக்கிறவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று எந்தக் காகிதத்திலும் அழகாகப் பெயர் எழுதுகிறவள். அந்த மெஷினுக்கு முன்னால் கூனிக் குறுகி நின்றேன்.

அப்போதுதான் உங்கள் அண்ணன் "நான் வைக்கிறேன், ஒரே குடும்பந்தான" என்றார். உங்களுக்குப் போன் போட்டோம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "அண்ணன்தான, வெக்கட்டும்" என்று சொல்லிவிட்டீர்கள். கார்டில் என் பெயர், என் படம். விரல் மட்டும் உங்கள் அண்ணன் இளையபெருமாள் விரல்.

கடன் ஏறின அன்றைக்கே அவர் நாகராஜிடம் போய் விரலை வைத்துப் பணத்தை எடுத்துவிட்டார். படகு எஞ்சினுக்குப் போட்டுவிட்டார். கேட்டதற்கு, "எஞ்சின் ஓடுனாத்தான மீனு? மீனு இருந்தாத்தான ஒனக்குக் கருவாடு?" என்றார். நான் வழக்கம் போல மணலில்தான் காயப்போட்டேன். மார்கழி மழை எல்லாவற்றையும் அழுக வைத்தது. டவுன் கடைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். கடன் மட்டும் என் பெயரில் நிற்கிறது.

ஆஸியா பீவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சரியான விரல்தானம்மா வச்சிருக்கு, எங்க பக்கம் தப்பு ஒண்ணும் இல்ல" என்றார். நான் இரண்டு கையையும் மேஜை மேல் விரித்து வைத்து, "இதுல எந்த விரல் சார் அது?" என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, புகார் எழுதிக் கொடுத்தால் ஆள்மாறாட்டக் கேசு ஆகும், விரல் வைத்தவர் உள்ளே போவார், குடும்பத்துக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றார். அத்தான், உங்கள் முகத்தை நினைத்துத்தான் எழுதிக் கொடுக்காமல் திரும்பினேன். அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

போன வாரம் புதுச்சேரியிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். சமுதாயக் கூடத்தில் விழா, பூமாலை, போட்டோக்காரர். நன்றாகத் தொழில் செய்கிற பெண் என்று என் பெயரைக் கூப்பிட்டார்கள்! கார்டைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கச் சொன்னார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மைக்கைப் பிடித்து, "இதுல இருக்குறது என் மூஞ்சி. விரல் என்னுது இல்லங்க. கடன நான் கண்ணால பாக்கல. நான் என்னத்துக்குச் சிரிக்கணும்?" என்று கேட்டுவிட்டேன். பிறகு பின்னாலிருந்து அமுதம் எழுந்து, தன் கார்டில் இருப்பது மகன் விரல் என்றாள். இன்னும் சிலர் எழுந்தார்கள். எல்லாருமே மீன் அரிகிற பெண்கள்.

அதிகாரி அங்கேயே மேனேஜரைக் கூப்பிட்டுக் கேட்டார். யார் விரலையும் கடன் வாங்க வேண்டாம், ரேகை விழாதவர்கள் கிளைக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட்டு எடுக்கலாம் என்று உத்தரவாகியிருக்கிறது. போன கடனுக்குத் தவணையைத் தள்ளிப் போடுவார்களாம், தள்ளுபடி கிடையாதாம். பங்குனி முதல் திங்கட்கிழமை புதுக் கணக்குக்குக் கையெழுத்துப் போட வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் அண்ணன், சபையில் என் மானத்தை வாங்கிவிட்டாள் என்று பஞ்சாயத்தைக் கூட்டினார். அவர் பெயரை நான் சொல்லவே இல்லை, அவராகத்தான் எழுந்து வெளியே போனார். காலில் விழுந்து மன்னிப்புக் கேள், இனி கடன் கிடன் என்று வங்கிப் பக்கம் போகாதே என்கிறார்கள். எஞ்சினுக்குப் போன பணத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில், "புருசங்காரன் என்ன சொல்றான்னு கேட்டுக்குவோம்" என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். தொழில் என்னுடையது, கடன் என்னுடையது, அழுகின மீனை அள்ளிக் கொட்டின கை என்னுடையது. பதில் மட்டும் உங்களிடம் கேட்பார்களாம்.

உங்கள் அண்ணனைத் திட்டச் சொல்லி நான் எழுதவில்லை. நம் கல்யாணத்துக்கு அவர் பட்ட பாடு எனக்கும் தெரியும். பஞ்சாயத்துத் தலைவருக்கு ஒரு போன் போட்டு, அஞ்சுகம் பேசினது நியாயம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம். ஆஸியா பீவி மறுபடியும் அந்தக் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். பங்குனி வெயில் வீணாகிவிடக் கூடாது.

நீங்கள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அந்தத் திங்கட்கிழமை நான் வங்கிக்குப் போவேன். நீங்கள் சொல்லி, தலை நிமிர்ந்து போக வேண்டும் என்றுதான் ஆசையாக இருக்கிறது. கடல் மாதா உங்களைக் காப்பாற்றட்டும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மேல் பிரியம் குறையாத
க. அஞ்சுகம்