பாதி வாளி வெந்நீர்

ஏங்க, நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் சாப்பிடுங்கள். சொதி அடுப்பின் மேல் இருக்கிறது. மாடியில் புதிதாகப் போட்ட, கரண்டும் வெந்நீரும் சேர்த்துத் தரும் சோலார் பேனலைச் சரிபார்க்க மெக்கானிக் வருவார். மாடிச் சாவி ஆணியில் தொங்குகிறது.

நேற்று நான் அந்தப் பேனலைத் திட்டியதற்குக் காரணம் கேட்டீர்கள். இதில் எழுதிவைக்கிறேன்.

ஒரகடத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தபோது, ஹீட்டர் கம்பி போட்டு ஒரு வாளி காயவைப்பீர்கள். "எனக்குப் பாதி போதும்ட்டி" என்பீர்கள். மிச்சத்தை மூடிவைத்துவிட்டு ஷிப்டுக்குப் போவீர்கள். நான் வேலை முடிந்து வருவதற்குள் ஆறிவிடும். அதில்தான் குளிப்பேன்.

இப்போது குழாயைத் திறந்தால் வெந்நீர். யாரும் யாருக்கும் எடுத்துவைக்க வேண்டியதில்லை.

செல்வலட்சுமி

உங்கள் பழைய பழக்கம் எனக்கும் தொற்றிவிட்டது போல, காலையில் பாதி வாளி பிடித்து மூடிவைத்துவிட்டேன். ஆறியிருந்தாலும் அதிலேயே குளியுங்கள்.