பதினோரு பழுப்பு ஏப்ரன்கள்

என் வக்கீல் மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தையல் மெஷினும் சுகம், மூவரில் எண்ணெய் போட்டால் சத்தம் குறைவது மெஷின் மட்டும்தான். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், கோபப்படாதே. நீ விவாகரத்து வக்கீல் என்று இந்தத் தெருவில் நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஆறு வருஷமாகக் கம்பெனி வழக்கு பார்க்கிறாள் என்றே சொல்லி வந்தேன், எந்தக் கம்பெனி என்று கேட்டால் பெரிய கம்பெனி என்பேன். என் பிழைப்பே கல்யாணக் கோட்டு. அப்பன் தைத்து அனுப்புவான், மகள் பிரித்து அனுப்புவாள் என்று தெரிந்தால் எவன் அளவு கொடுக்க வருவான், நீயே சொல். இப்போது அந்தப் பொய் சந்தி சிரித்துவிட்டது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

தெருமுனை பேக்கரி அத்தையை உனக்கு நினைவிருக்கும், சின்ன வயதில் உனக்கு உடைந்த பிஸ்கட்டாகப் பொறுக்கிக் கொடுப்பாளே, அவள்தான். இருபத்தைந்து வருஷமாக அந்தக் கடைக்கு மாவு பிசைந்தவள். புருஷனுக்கும் அவளுக்கும் ஒத்துவரவில்லை, பிரிவதென்று முடிவாகிவிட்டது, அது அவர்கள் பாடு. ஆனால் கடை நஷ்டத்தில் ஓடுகிறது, பங்கு ஒன்றும் தேறாது, ஃப்ரிட்ஜையும் பழைய ஸ்கூட்டரையும் எடுத்துக்கொள் என்று அந்த மனுஷன் பத்திரம் தயார் பண்ணிவிட்டான். வியாழக்கிழமை கையெழுத்து. செவ்வாய்க்கிழமை அவள் கோர்ட்டுக்குப் போட்டுப் போகிற சட்டையை உள்ளே பிடித்துத் தைத்துத் தரச் சொல்லி வந்தாள், அவ்வளவு இளைத்திருந்தாள். நான் குண்டூசி குத்திக்கொண்டே விசாரித்தேன். "நஷ்டத்துல என்னண்ணே பங்கு கேக்குறது, விட்டுத் தொலைக்கிறேன்" என்றாள்.

அப்போதுதான் நீ போனில் சொன்னது மண்டையில் உறைத்தது. பணக்காரன் ஒளித்த சொத்தைத் தேட முதலில் பேங்குக்குப் போக மாட்டேன், அவன் யார் யாரிடம் என்ன வேலை கொடுத்திருக்கிறான் என்றுதான் பார்ப்பேன் என்றாயே, அன்றைக்கு நான் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டேன். அவள் போனதும் என் அளவு நோட்டை எடுத்தேன். உனக்குத் தெரியும், நான் அளவு எழுதி அதன் கீழே கையெழுத்து வாங்காமல் கத்தரிக்கோலைத் தொட மாட்டேன், பிறகு தொப்பை போட்டுவிட்டுத் தையல்காரன் கெடுத்தான் என்று வருகிறார்களே, அதற்காக. அதில் பேக்கரிக்காரன் போன வருஷம் கொடுத்த வேலை இருந்தது. நம் தெருக் கடைக்கு வெள்ளை ஏப்ரன் நான்கு. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடைக்குப் பழுப்பு ஏப்ரன் பதினொன்று, நண்பருடைய கடை என்று சொன்னான். ஆனால் பதினொன்றில் ஒன்று இடுப்பு நாற்பத்தாறு, நாடா இரண்டு முழம் கூடுதல். இந்த ஊரில் அந்த வயிறு ஒன்றே ஒன்றுதான். நண்பன் கடையில் இவன் வயிற்றுக்கு ஏப்ரன் எதற்கு? போதாததற்குக் கீழே அவன் கையெழுத்தும் இருக்கிறது.

வாடிக்கைக்காரன் அளவை வெளியே சொல்வது என் தொழிலில் பாவம், அதனால் அன்று முழுக்கக் கை ஓடவில்லை. உன் அம்மாதான் சொன்னாள், "உம்ம மக இங்க இருந்தா வாய மூடிக்கிட்டு இருப்பாளா?" என்று. மறுநாளே அந்தப் பேக்கரித் தங்கச்சியின் வக்கீலிடம் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓயாமல் மூக்குச் சிந்துகிற பெரியவர், படித்துவிட்டுச் சிந்துவதையே நிறுத்திவிட்டார். இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்றார், என் மகள், விவாகரத்து வக்கீல் என்று பெருமையில் உளறிவிட்டேன், சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

பெரியவர் என்னையும் வரச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை கோர்ட்டுச் சமரச அறையில், அந்த அளவு யாருடையதோ என்று பேக்கரிக்காரன் சாதித்தான். பெரியவர் என் பக்கம் திரும்பி டேப்பு இருக்கிறதா என்று கேட்டார். என் கழுத்தில் எப்போது இல்லாமல் இருந்தது? நிற்க வைத்து அளந்தேன். அரை அங்குலம் கூடியிருந்தது, நஷ்டத்தில் ஓடுகிற கடைக்காரனுக்கு. அந்தத் தங்கச்சி பேனாவை மூடி வைத்துவிட்டு, "ரெண்டாவது கடையையும் எழுதிக்கிட்டு வாங்க, அப்புறம் கையெழுத்து போடுறேன்" என்றாள், பன் விலை சொல்கிற அதே குரலில். கையெழுத்து தள்ளிப்போயிருக்கிறது, இரண்டு கடைக் கணக்கும் காட்டச் சொல்லிவிட்டார்கள்.

மகளே, நானும் யோசித்துப் பார்த்தால் தைப்பதைவிடப் பிரித்துத் தைப்பதற்குத்தான் அதிகம் கஷ்டப்பட்டிருக்கிறேன், துணி கிழியக் கூடாதே. நீ பார்ப்பதும் அந்த மாதிரி வேலைதான் போல. இனி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்வேன். நேற்றுக் கோட்டுக்கு அளவு கொடுத்த மாப்பிள்ளையோடு வந்த பெண், சும்மா இருக்கட்டும் என்று உன் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டாள். நாள் முழுக்க முறிந்த கல்யாணமாகவே பார்க்கிறாயே, உனக்கு ஒரு நல்லது எப்போது என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன், பதில் அவளுக்கே எழுது. கட்சிக்காரர் அழுதால் தண்ணீர் கொடு, நீயும் சேர்ந்து அழாதே. மூக்குக்கண்ணாடியை மாற்று.

நீ எடுத்த வழக்கெல்லாம் ஜெயித்து, கண் நிறையத் தூங்கி, நூறு வயது இருக்க அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா, தையல்காரன்

பி.கு: நோட்டைக் கோர்ட்டில் வைத்துக்கொண்டார்கள், வழக்கு முடிந்தால்தான் தருவார்களாம். ஊர் அளவு முழுக்க அதில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியருக்கு ஆண்டு விழாவுக்காக ஞாபகத்திலேயே ஒரு பேன்ட் வெட்டித் தைத்துக் கொடுத்தேன். பரிசு எல்லாவற்றையும் உட்கார்ந்தபடியே கொடுத்தாராம், பந்தல் பிரிக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லையாம்.