மூன்று கட்டத்துக்கு ஒரு குப்பி

அன்புள்ள உங்களுக்கு,

நானும் பெண்கள் இருவரும் நலம். என் இடது முழங்காலை மட்டும் இந்த நலத்தில் சேர்க்கவில்லை. இதைக் கொண்டுவருகிற வெல்டரை உங்களுக்கு நினைவிருக்கும். கேன்டீனில் எல்லாரும் கை கழுவிய பிறகும் சாப்பிட்டுக்கொண்டிருப்பாரே, அவர்தான். போன மாதம் கிரேன் ஓட்டுகிறவர் கிளம்பினார், இந்த மாதம் இவர். இங்கே ஆள் குறையக் குறையக் கடலுக்கு அந்தப் பக்கம் உங்கள் ஆலையில் நம் ஆட்கள் நிரம்புகிறார்கள். போனில் சொல்லக் கூடாதா என்பீர்கள். போனில் நான் ஒரு வார்த்தை ஆரம்பிப்பதற்குள் நீங்கள் ஒன்பது பேசிவிடுகிறீர்கள். காகிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது.

இங்கே பெரிய பேச்சு சரக்கைப் பற்றித்தான். இருபது வருடமாக நமக்கு நாப்தா எண்ணெய் அனுப்பிக்கொண்டிருந்த சுத்திகரிப்பு ஆலை கையை விரித்துவிட்டது. பெட்ரோல் விற்பனை குறைகிறதாம். இனி அவர்கள் நாப்தாவை அவர்களே நம்மைப் போல உலையில் சூடாக்கி உடைத்து பிளாஸ்டிக் செய்யப் போகிறார்களாம். அதனால் நம் ஆட்கள் எந்தத் துறைமுகத்தில் எது கிடைத்தாலும் சின்னக் கப்பலில் வாங்கிவந்து கொட்டுகிறார்கள். இத்தனை வருடம் ஒரே வீட்டுப் பால் வாங்கினோம். இப்போது நாலு வீட்டுப் பாலை ஒரே குண்டானில் ஊற்றுகிற கதை. ஒரு கப்பலுக்கும் அடுத்த கப்பலுக்கும் வாசனையே ஒத்துப்போகவில்லை.

இதுவும் கொஞ்ச நாளைக்குத்தானாம். அடுத்த வருடம் உங்கள் துறைமுகத்திலிருந்து ஈத்தேன் வாயுவைக் குளிரவைத்துக் கப்பலில் கொண்டுவருவார்கள், உலைகளை அதற்குத் தகுந்தாற்போல் மாற்றுவார்கள் என்று நோட்டீஸ் போட்டுவிட்டார்கள். வாயுவைப் பரிசோதிக்கக் குழாயிலேயே கருவி மாட்டிவிடுவார்களாம். லேபில் இருக்கிற பதினொரு பேரில் இரண்டு பேர் போதுமாம். நீங்கள் அங்கே ஏற்றி அனுப்பப் போகிற வாயுதான் இங்கே என் நாற்காலியைத் தூக்கப் போகிறது. புருஷன் பெண்டாட்டிக்குள் இப்படி ஒரு போட்டியை நான் கேள்விப்பட்டதில்லை. வேலை போனால் இந்தக் குவார்ட்டர்ஸும் போகும். மூத்தவளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி இருக்கிறது. அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக நான் இருந்தாக வேண்டும். வேறு யோசனையே எனக்கு ஓடவில்லை.

சாம்பிள் எடுக்கிற ஆட்களை நிறுத்திவிட்டதால் டேங்க் மேலே இப்போது நாங்களே ஏறுகிறோம். போன திங்கட்கிழமை மூன்றாம் நம்பர் டேங்கில் இரண்டு கப்பல் சரக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கியது. காற்று ஆளைத் தள்ளுகிறது. கீழே லேப் தலைவர் வாக்கிடாக்கியில், உலைக்காரர்கள் காத்திருக்கிறார்கள், சீக்கிரம் சீக்கிரம் என்று உயிரை எடுக்கிறார். கயிற்றில் கட்டிய குப்பியை ஒரே ஒரு தடவை இறக்கி, கிடைத்ததை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். சீட்டில் மேல், நடு, அடி என்று மூன்று கட்டம் இருக்கிறதல்லவா, நீங்கள் லேபில் இருந்தபோது செய்த மாதிரியே, வந்த எடையின் கடைசி இலக்கத்தை மட்டும் ஒன்று கூட்டி ஒன்று குறைத்து மூன்றையும் நிரப்பினேன். மூன்றும் ஒரே எண்ணாக இருந்தால் பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வரும் என்பீர்களே, அந்த ஞாபகம் வந்து சிரித்துக்கொண்டேன்.

சின்னவள் உங்கள் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள். கேட்டால் சட்டை மெத்தென்று இருக்கிறதாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்புள்ள,
பெண்களின் அம்மா


அன்புள்ள உங்களுக்கு,

இந்தத் தடவை நலம் என்று எழுதக் கை வரவில்லை. நாங்கள் மூவரும் நன்றாகத்தான் இருக்கிறோம். உலை ஓட்டுகிற நம் நெட்டையர்தான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

நாலாம் உலையில் குழாய் வெடித்துவிட்டது. புதிய சரக்கு ஓட ஆரம்பித்து எட்டாம் நாள், காலை ஷிப்ட். உள்ளே கரி சுரண்டி எடுத்துப் பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. எப்போதும் ஐம்பது நாள் தாங்குமே, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு குழாயின் சூடு கூடுதலாகக் காட்டுகிறது, மீட்டர் பொய் சொல்கிறதோ என்று நெட்டையர் மேலே போய்ப் பார்க்கிற ஜன்னலைத் திறந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து வெடித்தது. முகம் தப்பியது கடவுள் செயல். வலது கை முழங்கைக்குக் கீழே தோல் உரிந்துவிட்டது. அவர் தம்பி, ஃபிட்டர், பக்கத்து உலையில் வேலையாக இருந்ததால் ஓடிப்போய் இழுத்துவந்தானாம்.

அவர் மனைவி பக்கத்து வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்ததும், “அக்கா, அவரு அப்படி அசால்ட்டா வேலை செய்யிற ஆளா? நீங்களே சொல்லுங்க” என்றாள். ஏன் அப்படிக் கேட்கிறாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மறுநாள்தான் தெரிந்தது. வேண்டாத சூடு வைத்துக் குழாயைக் கருக்கிவிட்டார், கவனக்குறைவு என்று அவர்மேல் விசாரணை போட்டிருக்கிறார்கள். குற்றம் உறுதியானால் வேலை நீக்கம். பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். இந்த வயதில், அந்தக் கையோடு, அப்படி ஒரு பெயரோடு எந்த ஆலை அவரைச் சேர்க்கும்?

அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான். லேப் சீட்டில் லேசான சரக்கு என்று போட்டிருந்தது, லேசான சரக்குக்கு எவ்வளவு சூடு வைக்க வேண்டுமோ அவ்வளவுதான் வைத்தேன் என்கிறார். சீட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்று கட்டத்திலும் லேசு என்றுதான் இருக்கிறது. அப்படியானால் சரக்கில் குறை இல்லை, ஆளிடம்தான் குறை என்று முடித்துவிட்டார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மூன்றாம் டேங்கை மூடி வைத்திருந்தார்கள், உள்ளே இன்னும் சரக்கு இருந்தது. நேற்று மதியம் யாரிடமும் சொல்லாமல் மூன்று குப்பி எடுத்துக்கொண்டு ஏறினேன். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. கயிறு அடிவரைக்கும் போக எவ்வளவு நேரமாகிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மேலே எடுத்தது தண்ணீர் மாதிரி இருக்கிறது. அடியில் எடுத்தது லேசான மஞ்சள். எடை போட்டுப் பார்த்தேன். நடுவும் அடியும் வேறு சரக்கு. கனமான சரக்கு கீழே கிடந்திருக்கிறது, லேசானது மேலே மிதந்திருக்கிறது. உலைக்குப் போகிற குழாய் டேங்கின் அடியில்தானே இருக்கிறது. லேசான சரக்குக்கு வைக்கிற சூட்டில் கனமான சரக்கு ஓடினால் குழாயில் கரி கட்டாமல் என்ன செய்யும்?

மூன்று குப்பியும் என் அலமாரியில் இருக்கின்றன. சாவி என்னிடம் இருக்கிறது. கடிதம் கிடைத்ததும் போன் செய்யுங்கள். இந்தத் தடவை நீங்கள் பேசுங்கள், நான் கேட்கிறேன்.

உங்கள்,
பெண்களின் அம்மா


அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் போனில் சொன்னதைக் கேட்டேன். முழுவதும் கேட்டேன், குறுக்கே பேசவில்லை. சீட்டைப் பற்றி வாயைத் திறக்காதே, குப்பிகளைக் கழுவி வைத்துவிடு, யார் கேட்டாலும் மூன்று தடவை இறக்கினேன் என்று சொல் என்றீர்கள். பிள்ளைகளை நினைத்துப் பார் என்றீர்கள். கடைசியில் மெதுவாக, எனக்கும் இங்கே பழைய ஆலையின் நற்சான்றிதழை வைத்துத்தான் வேலை கொடுத்திருக்கிறார்கள் என்றீர்கள். அதைத்தான் நீங்கள் முதலில் சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது அதைக் கடைசியாகச் சொன்னதற்குத்தான்.

லேப் தலைவரும் கிட்டத்தட்ட உங்கள் வார்த்தைகளைத்தான் சொன்னார். நான் டேங்க் ஏறியது எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். “எட்டு மாசத்துல ஈத்தேன் கேஸ் வந்துரும்மா. அந்த டேங்கையே உடைச்சு இரும்புக்குப் போட்டுருவாங்க. அப்புறம் எவன் வந்து குப்பி எத்தனை தடவை இறங்குச்சுன்னு கேக்கப் போறான்? அந்த ரெண்டு பேர்ல ஒண்ணு நீங்கதான்னு நான் எழுதிட்டேன்” என்றார். நான் கேட்டுக்கொண்டிருந்த இடம் கையில் வந்து உட்கார்ந்தது. சந்தோஷப்படவும் செய்தேன், பொய் சொல்லவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் மூத்தவளின் ஒரு வருடம் தப்பித்தது என்றுகூட நினைத்தேன்.

வீட்டு வாசலில் நெட்டையர் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அன்றுதான் வந்திருக்கிறார். கையில் கட்டு. விசாரணைக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம், இடது கையால் எழுத வரவில்லை, அவர் மனைவிக்கு ஆலை வார்த்தைகள் தெரியாது. நான் எழுதித் தர வேண்டுமாம். அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? நம் கல்யாண நாளிலிருந்து உங்களை அண்ணன் என்று கூப்பிடுகிறவர்.

உட்கார்ந்து எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு யோசித்தார். பிறகு, “லேப் சீட்டு தப்பா இருக்கும்னு எழுத வேணாம் அண்ணி. உங்க கையெழுத்து இருக்கு அதுல. நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும். மீட்டர்தான் ஏதோ கோளாறுன்னு எழுதுங்க” என்றார். நானும் அப்படியே எழுதிவிட்டேன். மீட்டர் கோளாறு என்று, என் கையாலேயே. அவர் இடது கட்டை விரலை மையில் தொட்டு உருட்டி வைத்துவிட்டுப் போனார். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சின்னவள் முழங்கால் வலியா அம்மா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நாம் கெட்ட எண்ணத்தோடு ஆரம்பிக்கவில்லை. ஒரே ஆலையிலிருந்து ஒரே சரக்கு வந்த காலத்தில் மேலே எடுத்தாலும் அடியில் எடுத்தாலும் ஒன்றாகத்தான் இருந்தது. மூன்று தடவை இறக்குவது வீண் வேலையாகத் தெரிந்தது. நீங்கள் செய்தீர்கள், உங்களைப் பார்த்து நான் செய்தேன், என்னைப் பார்த்து லேபே செய்தது. சரக்கு மாறிவிட்டது என்று உங்களுக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதத் தெரிந்தது எனக்கு. அதே சரக்கில் குப்பியை இன்னும் இரண்டு தடவை இறக்கத் தோன்றவில்லை. அந்தத் திங்கட்கிழமையை என்னால் எப்படியும் பூசி மெழுக முடியவில்லை.

விசாரணை வியாழக்கிழமை பத்து மணிக்கு. நான் வேறு ஒரு காகிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு தடவைதான் இறக்கினேன், மூன்று கட்டத்தையும் நானே நிரப்பினேன், உலையில் இருந்தவர் என் சீட்டை நம்பித்தான் சூடு வைத்தார் என்று எழுதியிருக்கிறேன். மூன்று குப்பிகளையும் எடுத்துக்கொண்டு போகிறேன். இரண்டு பேரில் ஒருத்தி என்ற பேச்சு இனி இருக்காது. மூத்தவளிடம் சொல்லிவிட்டேன். அவள், படிப்பை நான் பார்த்துக்கறேன், வீட்டை என்ன செய்வது என்றாள்.

இந்த வழக்கம் எப்போது, யாரிடமிருந்து ஆரம்பித்தது என்று நான் எழுதவில்லை. நான் மட்டும் சொன்னால் ஒரு பெண்ணின் சோம்பேறித்தனம் என்று என்னோடு முடித்துவிடுவார்கள். லேப் முழுக்க வருடக்கணக்காக நடந்தது என்று தெரிந்தால்தான் நெட்டையரின் பெயர் முழுதாகத் துடைபடும். ஆனால் உங்கள் பெயரை நான் எழுத மாட்டேன். அதை எழுத வேண்டிய கை வேறு.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவன் நெட்டையரின் தம்பி. அண்ணனின் வேலை போய்விடும் என்று பயந்து உங்கள் ஆலையில் சேர வருகிறான். இரண்டு குடும்பத்தையும் இனி அவன்தான் தாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். கவரை ஒட்டியிருக்கிறேன், அவன் பிரிக்கிற ஆள் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. நீங்கள் படித்து முடிக்கும்வரை எதிரே நிற்பான். அண்ணன் கை எப்படி இருக்கிறது என்று அவனிடம் கேளுங்கள். வந்த களைப்பாக இருப்பான், முதலில் உட்காரச் சொல்லுங்கள்.

உங்கள் உடம்புக்கும் மனசுக்கும் ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உங்கள்,
பெண்களின் அம்மா