கண்ணில் செதில்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? முழங்கால் வலி குறைந்ததா?

வேதாகம அகராதி வேலையில் ‘செதில்’ என்ற சொல்லில் வந்து மாட்டிக்கொண்டேன். மோசேயின் சட்டப்படி செதிலுள்ள மீனைச் சாப்பிடலாம், இல்லாதது ஆகாது. கடல் மிருகமான லிவியாதானின் செதில்களுக்கு இடையே காற்றுகூடப் புகாது. கிறிஸ்தவர்களைப் பிடிக்கப் போன வழியில் குருடான சவுலுக்கோ கண்ணிலிருந்து செதில் போல ஏதோ விழுந்து பார்வை திரும்பியது. ஆனால் செதில் எப்படிக் கழன்று விழும் என்று உரைகாரர் ஒருவரும் எழுதவில்லை. இருபது வருடமாக மீன் கடை வைத்திருப்பவள் நீ, சொல்லேன்.

உன் மகள் கல்யாணத்துக்கு வராததை மனதில் வைத்துக்கொள்ளாதே. வேற்று மதத்துப் பையன். என் மனம் ஒப்பவில்லை. உன்மேல் கோபமில்லை.

உன் தம்பி

ஜூன் 11

என் செல்லத் தம்பிக்கு,

வலியும் இருக்கிறது, நானும் இருக்கிறேன். ஒன்றரை வருடம் கழித்து ஒரு கடிதம், அதுவும் மீனை விசாரித்து!

செதில் தானாக விழாதுடா. வாலிலிருந்து தலைப்பக்கமாக, எதிர்த்துச் சுரண்ட வேண்டும். காய்ந்துவிட்டால் தோலோடு இறுகிவிடும், நனைத்தால்தான் இளகும். ஒன்றை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார், கண்ணாடி மாதிரி இருக்கும். அடுக்கடுக்காகச் சேர்ந்தால்தான் மறைக்கும்.

சவுலுக்கும் தானாக விழவில்லை. மறுபடி வாசித்தேன். அவனைக் கண்டு பயந்தவரே வீடு தேடிப் போய், கை வைத்து, ‘சகோதரனே’ என்று கூப்பிட்ட பிறகுதான் விழுந்தது. அதையும் எழுது.

மருமகன் கேட்டுக்கொண்டே இருக்கிறார், “மாமாவை நான் போய்ப் பார்க்கட்டுமா அத்தை?” என்று. “மூஞ்சில அடிச்ச மாதிரி கதவைச் சாத்திட்டா என்ன செய்வீங்க?” என்று தடுத்து வைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா?

அக்கா

ஜூன் 15

அக்கா,

நீ அனுப்பும்வரை அவர் காத்திருக்கவில்லை. நேற்று மத்தியானம் அச்சக மாடியில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ நின்றார்.

“மாமா, நான் உங்க அக்கா மருமகன். அத்தைக்குத் தெரியாம வந்தேன். திட்டுறதுன்னா நேர்லயே திட்டிடுங்க.”

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே காத்து நின்றார். நாற்காலியில் கிடந்த தாள்களை அள்ளிக் கீழே வைத்தேன். “உட்காருங்க மாப்பிள்ளை” என்றுதான் வந்தது.

டீ குடித்தோம். உன் மகள் இப்போதும் தூக்கத்தில் பேசுகிறாளாமே! சிரித்தோம். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கல்யாணத்துக்கு வந்திருக்க வேண்டும் அக்கா. மன்னித்துவிடு.

ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளையை வரச்சொல்.

உன் தம்பி